தமிழ்ல மங்கா வராததுக்கு நாமதான் காரணம் சாமிகளா!

ஆணி கொஞ்சம் அதிகம். அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. "ஆளக் காணோமே, கடைய மூடிட்டீங்களா"ன்னு தனிமடல்ல விசாரிச்ச ரெண்டு பேருக்கும் நன்றி. (ஆமா, ரெண்டே பேர்தான். அதுல ஒருத்தர் என் மச்சான்.) இன்னைக்குக் கொஞ்சம் நீளமாப் புலம்பப் போறேன். காமிக்ஸ் பிடிக்காதவங்க இப்பவே அடுத்த கடைக்குப் போயிடலாம். பிடிச்சவங்க கட்டாயம் இருங்க, ஏன்னா திட்டப் போறதே உங்களைத்தான். என்னையும் சேர்த்துத்தான்.

மேட்டர் இதுதான். அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். 2025 செப்டம்பர்ல 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' படம் வந்துச்சே, ஜப்பான்காரன் படம், ஆனா தமிழ் பேசிச்சு, அதுக்கு என்னைய இழுத்துட்டுப் போனான். ரெண்டரை மணி நேரம். எனக்குப் பாதிக் கதை புரியல. ஆனா தியேட்டர்ல சுத்தி இருந்த பசங்க பண்ண அலப்பறை இருக்கே, ரஜினி படத்து முதல் நாள் முதல் காட்சி தோத்துடும். ஒவ்வொரு கத்தி வீச்சுக்கும் பேர் சொல்லிக் கத்துறானுங்க. வெளிய வந்ததும் பையன் கேட்டான், "மாமா, இதோட கதை புஸ்தகமா 23 பாகம் இருக்கு. தமிழ்ல வாங்கித் தர்றீங்களா?"

காமிக்ஸ் படிச்சே வளர்ந்த மாமன்கிட்ட மருமகன் காமிக்ஸ் கேக்குறான். நெஞ்சு விம்மிடுச்சு. மறுநாளே நம்ம புதுச்சேரில ஒரு பெரிய புத்தகக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். பேர் வேணாம். மங்காவுக்குன்னே ஒரு அலமாரி வச்சிருந்தாங்க. எல்லாம் இங்கிலீஷ். எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள்ள, பிரிக்கக் கூடாது. ஒரு பாகம் நானூறு, ஐநூறு. 23 பாகத்தை மனசுக்குள்ள பெருக்கிப் பாத்தேன், பத்தாயிரத்துக்கு மேல போகுது. "தமிழ்ல ஏதாவது இருக்காங்க?"ன்னு கேட்டேன். கல்லாவுல இருந்தவர் என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "தமிழ்ல மங்காவா? அதெல்லாம் யாரு சார் படிப்பா?"ன்னார்.

அந்தக் கேள்வி மூணு நாளா மண்டைக்குள்ள 'ணங் ணங்'னு அடிச்சிட்டிருக்கு. யாரு சார் படிப்பா? இதோ பக்கத்துல நிக்கிறானே, கேட்டவன், இவன் படிப்பான்யா!

இதை நம்ம ஊர்ல நின்னுக்கிட்டுக் கேக்குறதுதான் பெரிய காமெடி. ஊர்ப் பெருமை ரெண்டு பாரா சொல்லிக்கிறேன், பொறுத்துக்கோங்க. புதுச்சேரின்னா உங்களுக்கெல்லாம் வேற ஞாபகம்தான் வரும், தெரியும். எனக்கு வர்றது எங்க பெரியப்பா. அவர் 'சொல்தா'. பிரெஞ்சு ராணுவத்துல இருந்துட்டு பென்ஷனோட ஊர் திரும்பினவங்களுக்கு இங்க அதுதான் பேர். லீவுக்கு வரும்போதெல்லாம் பெரிய சைஸ் கெட்டி அட்டை காமிக்ஸ் கொண்டு வருவார், 'பாந்த் தெசினே'ம்பார். லக்கி லூக்கை நான் முதல்ல பாத்தது அதுலதான். ஒரு எழுத்து புரியாது. படத்தை வச்சே நாங்களா ஒரு கதை கட்டிக்குவோம். அப்புறம் பல வருஷம் கழிச்சு காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய புத்தகக் குவியல்ல அதே லக்கி லூக் தமிழ் பேசிட்டுக் கிடந்தான். எடுத்துப் புரட்டினா, அச்சடிச்ச ஊர் சிவகாசி!

பிரெஞ்சு தெரிஞ்ச ஊர் இது. 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சி, இன்னைக்கும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், 1827-ல தொடங்கின நூலகம் (இப்போ ரோமன் ரோலன் பேர்ல இருக்கே, அதேதான்), பிரெஞ்சுல கவிதையே எழுதுற ஆளுங்க. ஆனா பிரெஞ்சு காமிக்ஸைத் தமிழுக்குக் கொண்டு வந்தது பட்டாசும் காலண்டரும் அடிக்கிற ஊரு. நாம இங்க சுவருக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சு போட்டோ எடுத்துட்டிருந்தோம்.

சிவகாசிக்காரங்க செஞ்சதைப் புதுசாப் படிக்கிறவங்களுக்காக சுருக்கமாச் சொல்லிடுறேன். 1972-ல முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோட ஆரம்பம். 1984-ல லயன் காமிக்ஸ், முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. பிரிட்டிஷ் கதை, அமெரிக்கக் கதை, அப்புறம் பிரெஞ்சு, இத்தாலின்னு ஆசிரியர் விஜயன் உலகம் பூரா உரிமை வாங்கிப் போட்டார். ப்ளூபெர்ரி நமக்குக் கேப்டன் டைகர் ஆனான். ரிக் ஹோஷே ரிப்போர்ட்டர் ஜானி ஆனான். டெக்ஸ் வில்லர் பேர் மாறாமலே நம்ம பக்கத்து வீட்டு அண்ணன் ஆயிட்டார். 2010-ல 'இரத்தப் படலம்' 18 பாகத்தையும் ஒரே புத்தகமா, 850 பக்கத்துக்கு மேல, 200 ரூபாய்க்குக் குடுத்தாங்க. வான் ஹாமும் வில்லியம் வான்ஸும் போட்ட தொடரு, மொத்தமா ஒரே தமிழ்ப் புத்தகத்துல! 2012 ஜனவரில கலருக்கு மாறி மறு அவதாரம். 2013-ல 400 ரூபாய்க்கு ஒரு ஸ்பெஷல். வாங்கவும் ஆள் இருந்துச்சு.

அதனால 'தமிழன் காசு குடுத்து காமிக்ஸ் வாங்க மாட்டான்'னு யாராவது சொன்னா, அந்த 850 பக்கத்தை எடுத்துத் தலைல ஒண்ணு போடலாம். தப்பில்ல.

சரி, அப்புறம் ஏன் மங்கா மட்டும் வரல? நருட்டோ 72 பாகம், டிராகன் பால் 42, ஒன் பீஸ் 110-ஐத் தாண்டி ஓடிக்கிட்டே இருக்கு. இதுல ஒண்ணாவது தமிழ்ல அச்சாச்சா? ஆகல. டிவில சின்-சான் தமிழ் பேசினான், டோரேமான் தமிழ் பேசினான், ஓடிடில 'சோலோ லெவலிங்' தமிழ் பேசுது, தியேட்டர்ல டான்ஜிரோ தமிழ் பேசுறான். வாயத் தொறந்தா தமிழ். பேப்பர்ல ஏறினா மட்டும் ஊமை!

நம்மாளுங்க ரெடிமேடா ஒரு பதில் வச்சிருப்பாங்க. "ஜப்பான்காரன் கேக்குற ராயல்டிக்கு நம்மால கட்டுபடி ஆகாதுங்க." இது பாதி நிஜம். மங்கா உரிமை மொழிவாரியா, நாடுவாரியா விக்கிற சமாச்சாரம். விஸ் மீடியா விக்கிற இங்கிலீஷ் புத்தகம் இந்தியாவுக்கு வர்றதால தமிழ் உரிமை தன்னால கூட வந்துடாது, அது தனியா பேசி வாங்கணும். பேசப் போனா, விக்குதோ இல்லையோ ஒரு தொகை முன்னாடியே வைக்கணும். அப்புறம் அட்டைப் படம், தலைப்பு, எழுத்து எல்லாத்தையும் அனுப்பி ஒப்புதல் வாங்கணும். ஒரு பாகம் விக்கலைன்னா நிறுத்திட்டு ஓடவும் முடியாது, மூணாவது பாகத்தோட நிறுத்தினா வாங்கின வாசகன் கல்லெடுத்து அடிப்பான். நாலு பேர் வேலை பாக்குற பதிப்பகத்துக்கு இது பெரிய பயம்தான், ஒத்துக்கிறேன்.

ஆனா இதே பயம் வியட்நாம்காரனுக்கு இல்லையா? அங்க கிம் டோங்னு குழந்தைங்களுக்கான பதிப்பகம், அரசாங்கத்தோடது. 1992-ல டோரேமான் போட ஆரம்பிச்சாங்க. எப்படி? உரிமை கிரிமை எதுவும் வாங்காம. தப்புதான். ஆனா நாடே டோரேமான் பைத்தியமாச்சு. அப்புறம் முறையாப் பேசி, 1996-ல ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ அங்க நேர்ல வந்தப்போ, தனக்குச் சேர வேண்டிய ராயல்டியை அந்த ஊர்ப் பிள்ளைங்க படிப்பு உதவிக்கே ஒரு நிதியா வச்சிட்டுப் போனார். பெரிய மனுஷன்! இந்தோனேசியாவுல எலெக்ஸ் மீடியாங்கிற பதிப்பகம் பல வருஷமா மங்கா போட்டுத் தள்ளுது. ஷூயிஷாவே 2019-ல 'மங்கா ப்ளஸ்'னு ஆரம்பிச்சாங்களே, இங்கிலீஷ், ஸ்பானிஷ்ல தொடங்கி, தாய், இந்தோனேசிய, வியட்நாமிய மொழி வரைக்கும் வந்துச்சு. தமிழ் பேசுறவங்க இந்தியாவுல மட்டும் 2011 கணக்குப்படி 6 கோடியே 90 லட்சம். வியட்நாம் மொத்த ஜனத்தொகையே 10 கோடிதான். அவனுக்கு என்ன நம்மள விட டப்பு ஜாஸ்தியா? கிடையாது. அவன் பிள்ளைங்க அவன் மொழில படிக்கணும்னு அவன் நெனச்சான்.

பிரான்ஸையே எடுத்துக்குங்க, நம்ம பழைய முதலாளி. உலகத்துலயே காமிக்ஸ் திமிர் பிடிச்ச நாடு. ஆஸ்டெரிக்ஸ் எங்களுது, லக்கி லூக் எங்க பத்திரிகைல வளர்ந்ததுன்னு மார் தட்டுறவங்க. 1990-ல க்ளேனா பதிப்பகம் 'அகிரா'வைக் கொண்டு வந்தப்போ கூச்சத்தோடதான் கொண்டு வந்தாங்க. அமெரிக்காவுல கலரடிச்ச பதிப்பை வச்சு, இடமிருந்து வலமாத் திருப்பி, தவணை முறைல பேப்பர் கடைல. 1993-ல டிராகன் பால். 2021-ல அந்த நாட்டுல வித்த காமிக்ஸ் மொத்தம் 8 கோடியே 50 லட்சம் பிரதி, அதுல மங்கா மட்டும் 4 கோடியே 70 லட்சம். பாதிக்கு மேல! அந்த வருஷம் 18 வயசுப் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் 300 யூரோ 'கலாச்சார பாஸ்'னு குடுத்துச்சு, பசங்க நேரா போய் மங்கா வாங்கினானுங்க. 'பாஸ் மங்கா'ன்னே பேர் வச்சுக் கிண்டலடிச்சாங்க. இத்தனைக்கும் ஆஸ்டெரிக்ஸ் செத்தா போயிட்டான்? ஜம்முனு இருக்கான்.

அடுத்த சாக்கு, "மங்கா கருப்பு வெள்ளைங்க. நம்மாளுங்க இப்பல்லாம் கலர்தான் கேப்பாங்க." ஓஹோ. டெக்ஸ் வில்லர் என்ன கலரு? இத்தாலில மாசாமாசம் வர்ற அந்த 110 பக்கக் கருப்பு வெள்ளைக் கதைங்களைத்தானே நாம வரிசைல நின்னு வாங்குறோம்? மங்கா ஒரு பாகம் 190, 200 பக்கம். கலர் பிரிண்டிங் செலவே இல்ல. ஆர்ட் பேப்பர் வேணாம். ஜப்பான்லயே வாராவாரம் வர்ற பத்திரிகை மட்டமான மறுசுழற்சிப் பேப்பர்ல வர்றதுதான். சிவகாசி மெஷினுக்கு இது சுண்டைக்காய் வேலை.

"வலமிருந்து இடமாப் படிக்கணுமே, நம்மாளுக்குக் குழம்பாதா?" இதைச் சொன்ன ஒரு நண்பரை முல்லா வீதிப் பக்கம் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். மதரஸாவுக்குப் போற அஞ்சு வயசுப் பையன் காலைல வலமிருந்து இடமா ஓதிட்டு, பத்து மணிக்கு ஸ்கூல்ல இடமிருந்து வலமாத் தமிழ் படிக்கிறான். அவனுக்குக் குழம்பல. உங்களுக்குக் குழம்புதுன்னா ஒரு பக்கம் படிச்சா சரியாயிடும். அமெரிக்காவுலயும் இதே பயத்துல படத்தையெல்லாம் கண்ணாடில பாக்குற மாதிரித் திருப்பித்தான் அடிச்சிட்டிருந்தாங்க. எல்லா சாமுராயும் இடது கைக்காரனா ஆயிட்டான். 2002-ல டோக்கியோபாப்னு ஒரு கம்பெனி "அப்படியே போடுறோம், நீங்க திருப்பிப் பிடிச்சுப் படிங்க"ன்னுச்சு. திருப்புற செலவு மிச்சம், விலையும் கம்மி, பசங்களுக்கு அதுவே ஒரு கெத்து.

ஒரே ஒரு நிஜமான பிரச்சனை இருக்கு. யாரும் அதைப் பேசுறதில்ல. பலூன்! ஜப்பானிய எழுத்து மேலருந்து கீழ போகும். அதனால பேச்சு பலூன் குச்சி ஐஸ் மாதிரி ஒல்லியா, உயரமா இருக்கும். அதுக்குள்ள 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்'ங்கிற ஒத்த வார்த்தையை எப்படிய்யா திணிப்பீங்க? உடைச்சு உடைச்சுப் போட்டா நாலு வரி ஆகும். இதுக்கு வழி பேச்சுத் தமிழ்தான். 'பாத்துட்டிருக்கேன்.' இன்னும் சுருக்கணுமா, 'பாக்குறேன்ல!' கதை வசனத்துல பண்டிதத் தமிழை விட்டு இறங்கி வந்தா இடம் தன்னால கிடைக்கும்.

எனக்கு இது எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? இங்கதான் கதைல திருப்பம். கடைல மூக்குடைபட்டு வந்த மறுவாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் இல்ல. மேசைல ஒரு நோட்டு. கணக்கு நோட்டுன்னு திறந்தா, உள்ள மங்கா பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டி வச்சிருக்கான். பலூன் பூரா வைட்னர் அடிச்சு, மேல பால் பாயின்ட் பேனாவால தமிழ்! ரெண்டு பசங்க சேர்ந்து பண்ணிருக்கானுங்க, ரெண்டு கையெழுத்து. முழுசா ஒரு அத்தியாயம்.

படிச்சுப் பாத்தேன். எழுத்துப் பிழை ஏராளம். ஆனா மக்களே, சத்தத்துக்கெல்லாம் அவனுங்க வச்சிருக்கிற தமிழ் இருக்கே! இங்கிலீஷ் பதிப்புல சும்மா 'தம்ப் தம்ப்'னு விட்டிருந்த இடத்துல 'திக் திக்'. மௌனத்துக்குக் கூட ஜப்பான்காரன் ஒரு சத்தம் எழுதுவான், அந்த இடத்துல 'கம்முனு'ன்னு எழுதிருக்கான் பய. எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. அப்புறம்தான் உட்கார்ந்து யோசிச்சேன். ஜப்பானிய மொழில 'தோகிதோகி'ம்பான், நெஞ்சு அடிச்சுக்கிறதுக்கு. நமக்குப் 'படபட'. 'கிராகிரா'ம்பான், நமக்குப் 'பளபள'. 'கோரோகோரோ'ம்பான், நமக்குக் 'கடகட'. எட்டாங்கிளாஸ்ல தமிழய்யா இரட்டைக்கிளவி நடத்துறப்போ தூங்கினோமே, அது இதுக்குத்தான்யா இருந்திருக்கு! இங்கிலீஷ்காரன் தலைகீழா நின்னாலும் இந்த இடத்துல நம்மள மாதிரி வராது.

மரியாதைக்கும் அப்படித்தான். அங்க 'சான்', 'சாமா', 'நீ-சான்', 'சென்பாய்'னு ஆளுக்கு ஏத்த மாதிரி ஒட்டு. இங்கிலீஷ்ல எல்லாப் பயலும் 'யூ'. நமக்கு? நீ, நீங்க, அண்ணே, அக்கா, வாடா, வாங்க. தம்பி அண்ணனைக் கூப்பிடுற ஒரு வார்த்தைல பாதிக் கதை இருக்கு டீமன் ஸ்லேயர்ல. அதைத் தொலைச்சுட்டு நம்ம பசங்க இங்கிலீஷ்ல ஐநூறு ரூபாய்க்குப் படிக்கணுமாம். சத்தியமாச் சொல்றேன், மங்காவை இங்கிலீஷை விடத் தமிழ்ல நல்லாச் சொல்ல முடியும். அதை ஒன்பதாங்கிளாஸ் பையன் ரெண்டு பேர் வைட்னர் டப்பாவோட நிரூபிச்சிருக்கானுங்க.

இப்போ திட்டுற கட்டம். பெல்ட்டைப் போட்டுக்குங்க.

முதல் குத்தவாளி, நாற்பது தாண்டின நாம. ஒவ்வொரு தடவை ஆசிரியர் புதுசா ஏதாவது முயற்சி பண்ணாலும், "மாயாவியை மறுபதிப்புப் போடுங்க, ஸ்பைடரைப் போடுங்க, ஆர்ச்சியைப் போடுங்க"ன்னு அழுது புரண்டது யாரு? நாமதான். நமக்கு வேண்டியது நாலாங்கிளாஸ்ல அப்பாக்குத் தெரியாமப் படிச்ச அந்த வாசனை. அதுக்கு நாம என்ன விலையும் குடுப்போம். பதிப்பாளர் என்ன பண்ணுவார்? காசு குடுக்குறவன் கேக்குறதைத்தான் போடுவார். நாம அவரைப் பிடிச்சு நம்ம பால்ய காலத்துலயே கட்டிப் போட்டுட்டோம். புது வாசகன் எவனுக்கும் அந்த வீட்டுல இடம் இல்ல. நானே மாயாவி மறுபதிப்பு ரெண்டு செட் வாங்கினவன்தான், ஒண்ணு படிக்க, ஒண்ணு பீரோவுல வைக்க. அவ்வ்வ்வ்...

ரெண்டாவது, விக்கிற முறை. சந்தா கட்டணும், முன்பதிவு பண்ணணும், ஆன்லைன்ல ஆர்டர் போடணும், இல்ல புத்தகக் கண்காட்சி வரைக்கும் காத்திருக்கணும். பதிப்பாளர் நிலைமைல இது நியாயமான ஏற்பாடு. கடைக்கு அனுப்பினா கமிஷன் போகும், பாக்கி வராது, விக்காத பிரதி கிழிஞ்சு திரும்பி வரும். ஆனா ஒரு பத்து வயசுப் பையன் எப்படிச் சந்தா கட்டுவான்? அவன் கண்ணுல முதல்ல படணும்ல? ராணி காமிக்ஸ் 1984-ல வந்தப்போ எங்க தெருமுனைப் பெட்டிக்கடைல, வாழைப்பழத் தாருக்குப் பக்கத்துல, கிளிப் போட்டுத் தொங்கும். கடலை மிட்டாய் வாங்கப் போனவன்லாம் காமிக்ஸ் வாசகன் ஆனான். 2005-ல அது நின்னுபோச்சு. அதுக்கப்புறம் தமிழ் காமிக்ஸ் குழந்தைங்க கண்ணுலருந்தே மறைஞ்சுபோச்சு. இன்னைக்குப் புதுச்சேரி புது பஸ் ஸ்டாண்டுல நின்னு சுத்திப் பாருங்க. ஜாதகம் இருக்கு, சமையல் குறிப்பு இருக்கு, ஸ்போக்கன் இங்கிலீஷ் இருக்கு. படக்கதை?

இந்தக் கடை விஷயத்துல ஒரு ஜப்பான் மனுஷன் கதை சொல்லியே ஆகணும். யமமாட்சு யூகிச்சின்னு ஒரு மங்கா ஓவியர். அவருக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. 2004-ல டெல்லில வந்து இறங்கி, ஹிராட்டா ஹிரோஷியோட ஒரு சாமுராய் மங்காவை இந்தில மொழிபெயர்க்க வச்சு, அச்சடிச்சு, தெருத்தெருவா நின்னு வித்தார். வெயில், வயித்துப்போக்கு, ஏமாத்துறவங்க, எல்லாத்தையும் பாத்தார். பெருசா விக்கலதான். ஊருக்குப் போய் அந்த அனுபவத்தையே ஒரு மங்காவா வரைஞ்சுட்டார். அதை 'ஸ்டுப்பிட் கை கோஸ் டு இந்தியா'ன்னு இங்கிலீஷ்ல போட்டது யாரு தெரியுமா? நம்ம சென்னை ப்ளாஃப்ட் பதிப்பகம். ஒரு மங்கா உரிமையை ஜப்பான்லருந்து சென்னை வரைக்கும் வாங்கிட்டு வர முடியும்னு இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? ஒரே குறை, வந்தது இங்கிலீஷ்ல. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல.

மூணாவது, பிடிஎஃப் பங்காளிகள். பழைய தமிழ் காமிக்ஸை ஸ்கேன் பண்ணி ஏத்துற புண்ணியவான்கள் ஒரு பக்கம். எங்கயும் கிடைக்காத 1970-கள் இதழ்னா நானே கண்ணை மூடிக்கிறேன். ஆனா போன மாசம் வந்த புத்தகத்தை இந்த மாசம் டெலிகிராம்ல போடுறான் பாருங்க, அவன் கையை ஒடிக்கணும். கொஞ்சம் பிரதி அடிச்சு, அது வித்து வர்ற காசுலதான் அடுத்த கதைக்கு உரிமை வாங்குறாங்க. இவன் 'சேவை' செய்றானாம். மங்கா பசங்க இன்னொரு பக்கம், எல்லாமே திருட்டு சைட்ல, ரசிகர்கள் பண்ண இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. ஜப்பான்ல 'மங்காமுரா'ன்னு ஒரு சைட்டை 2018-ல மூட வச்சு, நடத்தினவருக்கு 2021-ல மூணு வருஷம் ஜெயில் குடுத்தாங்க. 2025 மே மாசம் 'மங்காடெக்ஸ்'லருந்து 700-க்கும் மேற்பட்ட தொடரைத் தூக்க வச்சாங்க. என் மருமகன் அன்னைக்குச் சோறே சாப்பிடல.

அவனைத் திட்டத்தான் போனேன். "திருட்டுடா அது"ன்னேன். "சரி மாமா, காசு குடுத்துத் தமிழ்ல வாங்குறேன், எங்க விக்கிதுன்னு சொல்லுங்க"ன்னான். என்னத்தச் சொல்ல? கடையே இல்லாத ஊர்ல திருடாதேன்னு பாடம் எடுக்குற மாதிரி இருந்துச்சு எனக்கே.

அதனால எனக்குத் தோணுறதைச் சொல்றேன், பதிப்பாளர்கள் யாராவது தப்பித்தவறி இதைப் படிச்சா நல்லது. 110 பாகத்துல கை வைக்காதீங்க. சின்னதா ஒண்ணு எடுங்க. 'எ சைலன்ட் வாய்ஸ்' ஏழே பாகம். காது கேக்காத ஒரு பொண்ணைப் பள்ளிக்கூடத்துல கேலி பண்ணி விரட்டின பையன், வளர்ந்தப்புறம் அவளைத் தேடிப் போற கதை. அடிதடி, பேய் பிசாசு கிடையாது, அம்மா அப்பா வாங்கிக் குடுப்பாங்க. 'டெத் நோட்' பன்னெண்டு பாகம். 'பேர்ஃபுட் ஜென்' பத்து பாகம், ஹிரோஷிமால குண்டு விழுந்தப்போ அங்க இருந்தவர் வரைஞ்சது. பெர்செபோலிஸைத் தமிழ்ல விடியல் பதிப்பகம் கொண்டு வந்து நம்ம இலக்கியக் கோஷ்டி கொண்டாடல? அதே கோஷ்டி இதையும் வாங்கும். நியூஸ்பிரிண்ட்டுக்கு ஒரு படி மேல பேப்பர், விலை இருநூறுக்குள்ள. இருநூறைத் தாண்டிச்சுன்னா பையன் கையை விட்டு மறுபடியும் மாமன் கைக்கு வந்துடும்.

நாம என்ன பண்ணலாம்? டிசம்பர்ல நம்ம வேல்.சொக்கநாதன் திருமண நிலையத்துல புத்தகக் கண்காட்சி போடுவாங்க. ஒவ்வொரு ஸ்டாலா போய் "தமிழ்ல மங்கா இருக்கா"ன்னு கேக்கப் போறேன். இருக்காதுன்னு தெரியும். கேக்கணும். ஒருத்தன் கேட்டா லூசு, பத்து பேர் கேட்டா பாக்கலாம்னு தோணும், நூறு பேர் கேட்டா வியாபாரம். நீங்களும் உங்க ஊர்க் கண்காட்சில கேளுங்க. கூடவே, மறுபதிப்பு வேணும்னு அடுத்த தடவை கடுதாசி எழுதுறப்போ, கீழ ஒரு வரி, "வீட்டுல இருக்கிற பொடிசுக்கும் ஏதாவது போடுங்க சார்"னு சேர்த்துக்குங்க. நான் எழுதிட்டேன்.

அந்த நோட்டு மேட்டரை முடிக்கணும்ல. அன்னைக்குச் சாயங்காலம் பையன் வந்தான். நோட்டு என் கைல இருக்குறதைப் பாத்து முகம் செத்துப்போச்சு. அக்காகிட்ட போட்டுக் குடுத்துடுவேன்னு பயம். நான் ஒண்ணும் சொல்லாம ஒரு பலூனைக் காட்டி, "இங்க 'என்னால் உன்னைக் காப்பாற்ற முடியவில்லை'ன்னு எழுதிருக்க, பலூனை விட்டு வெளிய ஓடுதுடா"ன்னேன். ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். 'காப்பாத்த முடியல' போட்டேன். அதுவும் இடிச்சுது. அவன் என் கைலருந்து பேனாவை வாங்கி, வைட்னர் காயுற வரைக்கும் ஊதிட்டு, 'விட்டுட்டேனே'ன்னு எழுதினான்.

கச்சிதமா உட்கார்ந்துச்சு.

டிஸ்கி: அந்த நோட்டை ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லி பின்னூட்டம் போடுறவங்களுக்கு: முடியாது. மேல மூணாவதா யாரைத் திட்டினேன்னு மறுபடி படிங்க. :)